வியாழனுக்குள் ஒரு குரல்

உட்கார் என்றால் உட்காரவும் தெரியாது, நில் என்றால் நிற்கவும் தெரியாது. அப்படி ஒரு பிறவி. சின்ன வயதிலேயே அக்கா அவனுக்குத் துறுதுறு என்று பேர் வைத்துவிட்டாள். நாற்பதைத் தாண்டி, லிஃப்ட் மெக்கானிக்காகி, ஊரில் பாதிக் கட்டிடங்களின் லிஃப்டுகளுக்கு வைத்தியம் பார்க்கிற ஆளான பிறகும் அந்தப் பேர் போகவில்லை. அக்காவின் வாயில் விழுந்தது எதுதான் போயிருக்கிறது?

அந்த வாய்க்குத்தான் இப்போது கேடு வந்திருந்தது. தொண்டையில் கட்டி. வியாழக்கிழமை காலை ஆபரேஷன். கட்டியோடு சேர்த்துக் குரல்வளையையும் எடுத்துவிடுவார்கள். உயிருக்குப் பயமில்லை, பேச்சு மட்டும் போய்விடும் என்றார்கள். மட்டுமாம்! அவள் வேலை பார்த்த பார்சல் கிடங்கில் மைக் கெட்டுப்போன நாளெல்லாம் வேலை தடைபடாமல் நடந்ததென்றால் அது அக்காவின் தொண்டையால்தான். முதல் வாசலில் நின்றபடி கடைசி வாசலில் இருக்கும் லாரி டிரைவரைத் திட்டக்கூடியவள், திட்டு வாங்கியவனும் சிரித்துக்கொண்டே வண்டியை எடுப்பான்.

டாக்டர் இதை விளக்கிச் சொன்னபோது துறுதுறு அறையில் இல்லை. குரல்வளை என்ற சொல் காதில் விழுந்ததுமே எழுந்துவிட்டான். வெளியே ஆஸ்பத்திரி லிஃப்டின் கதவு கரகரவென்று உரசிக்கொண்டிருந்தது. "ஒரு நிமிஷம், அதைப் பாத்துட்டு வந்துடறேன்" என்று போனவன், திரும்பி வந்தபோது அக்கா செருப்பை மாட்டிக்கொண்டிருந்தாள். மீதியை வழியெல்லாம் அவளே சொன்னாள். அவன் பாதியைக் கேட்டான், பாதியை ரோட்டில் விட்டான்.

ஃபோனில் எழுதினால் அதுவே வாசித்துச் சொல்லிவிடும் என்று நர்ஸ் சொல்லியிருந்தாள். அக்காவுக்கு அது சரிப்பட்டு வரவில்லை. அட்டைப்பெட்டிகளைத் தள்ளித் தள்ளிக் காய்ந்து தடித்துப்போன விரல்கள் அவளுக்கு. எத்தனை முறை அழுத்தினாலும் கண்ணாடித் திரை அசையாது.

"இதுக்கு நான் ஒரு ஆளாவே தெரியலடா" என்று ஃபோனைத் தூக்கிச் சோபாவில் போட்டாள்.

அப்போதுதான் அவனுக்கு அலமாரியில் கிடந்த அந்தக் கையடக்கக் கணினி ஞாபகம் வந்தது. செங்கல் கனம், உள்ளங்கை அகலத்துக்கு ஒரு திரை, அதற்குக் கீழே வரிசையாக நிஜமான பொத்தான்கள். கிடங்கில் பல வருஷம் அக்காவின் கையில் இருந்தது. பார்சல் எண்ணைத் திரையைப் பார்க்காமலே அடிப்பாள். கம்பெனி புது மாடல் வாங்கிப் பழையதை எல்லாம் தூக்கிப் போட்டபோது, ஒன்றைக் கேட்டு வாங்கி வந்திருந்தாள்.

அதில் இருந்த பழைய மென்பொருளுக்குப் பார்சலைத் தவிர உலகத்தில் ஒன்றும் தெரியாது. தமிழும் தெரியாது, பேசவும் வராது. அதைத் துடைத்துவிட்டு லினக்ஸ் என்கிற இலவச இயங்குதளத்தை ஏற்றினால், எழுதியதை உரக்க வாசிக்கும் இலவச நிரலையும் அதில் சேர்த்துவிடலாம். இதே மாடலில் செய்து பார்த்த ஒரு புண்ணியவான் வழிமுறையை இணையத்தில் எழுதி வைத்திருந்தார். பாதிவரை எழுதிவிட்டு, மீதி தானாகப் புரியும் என்று முடித்திருந்தார். நன்றாக இருக்கட்டும் அவர்.

துறுதுறு வேலைக்கு லீவு சொன்னான். சாப்பாட்டு மேசை பட்டறையானது. எதிர் நாற்காலியில் அக்கா காலை மடக்கி உட்கார்ந்துகொண்டாள்.

"கவலையே படாத. நீ ஆஸ்பத்திரிலேருந்து வரும்போது இது பேசும்."

"எது, இந்தச் செங்கல்லா? என்னை மாதிரியே திட்டுமா?"

"நீ எழுதிக் குடுத்தா திட்டும்."

மெமரி கார்டைச் செருகினான். பொத்தான் இரண்டைச் சேர்த்து அழுத்தினான். திரை கறுத்தது. லினக்ஸின் அடையாளமான பென்குயின் மூலையில் வந்து நின்றது. அதற்குக் கீழே வெள்ளை எழுத்துகள் மளமளவென்று ஓடின. ஓடி, ஒரு வரியில் சட்டென்று நின்றுவிட்டன.

"டேய், வாத்து வந்திருக்கு!"

"வாத்து இல்லக்கா, பென்குயின்."

"ரெண்டும் ஒண்ணுதான். ஏன் அப்படியே நிக்குது? அதுக்கும் பேச்சு வரலியா?"

"கொஞ்சம் பேசாம இரு" என்றான்.

அக்கா பேசாமல் இருந்தாள். எவ்வளவு நேரம் இருப்பாள்? அவன் கார்டை எடுத்து வேறு பதிப்பை ஏற்றி மறுபடி செருகுவதற்குள், லாரி டிரைவர் ஒருவன் தூக்கக் கலக்கத்தில் பக்கத்துக் கம்பெனிக்குள் போய் இறக்கிவிட்டு வந்த சரக்கைப் பற்றி ஆரம்பித்தாள். குரல் ஏற்கெனவே கரகரத்துப் போயிருந்தது. சிரிக்கும்போது நடுவில் அறுந்தது. அந்த அறுந்த இடத்தைக் கேட்க அவனால் முடியவில்லை. கேட்கக் கூடாதென்றே இன்னும் குனிந்தான்.

"கொஞ்சம் பேசாம இரு. தொண்டைக்கு ஓய்வு குடு."

அடுத்த முயற்சியில் லினக்ஸ் முக்கால்வாசி ஏறியது. அவன் எழுந்து ஜன்னல்வரை போனான், வந்தான், மேசையைச் சுற்றினான். திரும்பிப் பார்த்தால் திரை செத்துக் கிடந்தது. பேட்டரி காலி. சார்ஜ் போனால் ஏற்றியது அத்தனையும் அழிந்துபோகும் ரகம் அது. இத்தனைக்கும் சார்ஜர் தாங்கியில்தான் நிறுத்தியிருந்தான். தூக்கிப் பார்த்தான், தாங்கியின் செப்பு முனைகள் அழுக்கேறிக் கறுத்திருந்தன. கரண்ட் வராத லிஃப்ட் பலகையில் அவன் முதலில் பார்க்கிற இடம் அதுதான். வீட்டில் கோட்டைவிட்டான். பென்சில் ரப்பரை எடுத்து ஆத்திரம் ஆத்திரமாகத் தேய்த்தான்.

"நீ மூணாவது படிக்கும்போது பள்ளிக்கூட மணியைக் கழட்டிக்கிட்டு வந்தியே, ஞாபகம் இருக்கா? அது எப்படி உள்ள சத்தம் போடுதுன்னு பாக்கணும்னு. அன்னிக்கு என்ன நடந்துச்சுன்னு உனக்கு முழுசாத் தெரியாது..."

"அப்புறம் சொல்லுக்கா."

சொன்ன பிறகுதான் உறைத்தது. எந்த அப்புறம்? அக்கா அவனையே பார்த்தாள். அவன் ரப்பர் தூளை ஊதித் தள்ளினான். அவள் எழுந்து தண்ணீர் குடிக்கப் போனாள்.

புதன்கிழமை மதியம் லினக்ஸ் முழுதாக ஏறியது. ஆனால் ஒரு பொத்தானை அழுத்தினால் இன்னொரு எழுத்து விழுந்தது. ஒவ்வொன்றாக மாற்றி மாற்றி அமைத்தான். சட்டை முதுகோடு ஒட்டியது, கால் மேசைக்கு அடியில் தையல் மெஷின் மிதித்தது. கடைசியில் 'வணக்கம்' என்று எழுதி ஒரு பொத்தானை அழுத்தினான்.

"வணக்கம்" என்றது. தகர டப்பாவுக்குள் உட்கார்ந்து பேசுகிற ஆண் குரல். ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. ஆனாலும் பேசியது! போன உயிர் திரும்பி வந்தது போல இருந்தது அவனுக்கு. நாற்காலியை உதைத்துத் தள்ளிக்கொண்டு எழுந்தான்.

"அக்கா, இந்தா! நீ எழுது, நீ எழுது!"

அக்கா கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினாள். விரல்கள் பழைய இடத்துக்கு வந்தன. எந்தப் பொத்தான் எந்த எழுத்து என்று கொஞ்சம் தேடினாள், பிறகு பார்க்காமலே அடித்தாள்.

"கொஞ்சம் பேசாம இரு" என்றது கணினி.

அவன் விழுந்து விழுந்து சிரித்தான். அக்கா மறுபடி அழுத்தினாள். கொஞ்சம் பேசாம இரு. அவன் சிரிப்பு மெலிந்தது. அவள் நிறுத்தவில்லை. கொஞ்சம் பேசாம இரு. அவன் முகத்தில் ஈயாடவில்லை.

"நல்லாப் பேசுதுடா" என்றாள் அக்கா. கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் இன்னும் வலித்தது. "ரெண்டு மூணு நாளா நீ என்கிட்டப் பேசினதே இதுதான். வேற எதை எழுதறதுன்னு தெரியல."

"தொண்டைக்கு ஓய்வு வேணும்னுதான்கா..."

"யாரு சொன்னா? வியாழக்கிழமை வரைக்கும் ஆசை தீரப் பேசுங்க, வீட்டுல உள்ளவங்க உக்காந்து கேக்கட்டும்னுதான் டாக்டர் சொன்னாரு. நீ அப்ப லிஃப்ட் கதவு பேசுறதைக் கேக்கப் போயிட்ட."

அவனுக்கு வெட்கமாக இருந்தது. அதைவிடப் பயமாக இருந்தது. இருக்கிற குரலை அடைத்துவிட்டு இல்லாத குரலுக்காக மாய்ந்து மாய்ந்து வேலை பார்த்திருக்கிறான். எவ்வளவு கதை, எவ்வளவு கிண்டல் கேட்காமல் போயிற்று! கை தானாக ஃபோனைத் தேடியது.

"இரு, இரு. ரெக்கார்ட் பண்ணிடறேன். மைக் எங்க வச்சேன்? பக்கத்துக் கடையில நல்லதா ஒண்ணு கிடைக்கும், ஓடிப் போய்..."

"டேய் துறுதுறு. அதைக் கீழ வை. உக்காரு. கேளு."

உட்கார்ந்தான். கால் ஆடியது, தன் கையாலேயே முழங்காலைப் பிடித்துக்கொண்டான். அக்கா மணிக் கதையை எடுத்தாள்.

"நீதான் எடுத்தன்னு நான் காட்டிக் குடுக்கல. ஹெட்மாஸ்டர், அப்ப மணிக்குப் பதிலா நீயே கத்துன்னாரு. அன்னிக்குப் பூரா ஒவ்வொரு பீரியடுக்கும் வராண்டாவுல நின்னு டாங் டாங்னு கத்தினது நான்தான். அப்பத் திறந்த தொண்டைடா இது."

அவன் சிரித்தான். சிரித்துக்கொண்டே இருக்கும்போது அழுதான். அக்கா அதற்கும் ஒரு கிண்டல் வைத்திருந்தாள்.

வியாழக்கிழமை காலை, ஸ்ட்ரெச்சரில் படுத்திருந்த அக்காவோடு அவனும் லிஃப்டுக்குள் போனான். கணினி அவன் சட்டைப்பைக்குள் கனத்தது. கதவு அதே கரகரப்போடு உரசி மூடியது. அவன் தலை தன்னையறியாமல் அந்தப் பக்கம் திரும்பியது. அக்கா பார்த்துவிட்டாள்.

"கதவு இன்னும் கத்துதுடா. போய்ப் பாக்கலியா?"

"கத்தட்டும். நீ அந்த லாரிக்காரன் கதையைச் சொல்லு."

அவள் சொன்னாள். ஆபரேஷன் மாடி வரும்வரைக்கும் சொல்லிக்கொண்டே போனாள்.