ஜோதியம்மாளின் மார்பில் விளைந்த கேழ்வரகு

எண்பத்தேழாம் வருஷம் புரட்டாசியில், ஓசூரில் சுவிட்சு செய்யும் கம்பெனி ஒன்றில் வேலை பார்த்த ஜோதியம்மாளின் இடது மார்பில் கேழ்வரகு கதிர் விட்டது. அந்த வருஷம் மழையில்லாமல் பக்கத்திலிருந்த பேரிகை வட்டாரமெல்லாம் பயிர் கருகிக் கிடந்ததால், விஷயம் கேட்டவர்கள் முதலில் விசாரித்தது அது என்ன ரகம் என்றுதான்.

உண்மையில் அந்த இடத்தில் மார்பு கிடையாது. முந்தின வருஷம் பெங்களூரில் புற்றுக்கட்டியோடு சேர்த்து எடுத்துவிட்டார்கள். துணியை உருட்டி வைத்துப் பார்த்தாள்; கனமில்லாமல் மேலே ஏறியது. புருஷன் கோவிந்தப்பனின் பழைய சட்டையைக் கிழித்துப் பை தைத்து, கேழ்வரகை நிரப்பி ரவிக்கைக்குள் வைத்ததும் சரியாக நின்றது. நோய் போய்விட்டது என்றார் டாக்டர். கோவிந்தப்பன் மாரியம்மனுக்குக் கிடா வெட்டினான். அன்றிலிருந்து சுவரைப் பார்த்துப் படுத்தான். லைன் வீட்டுப் பெண்கள், "பொழச்சி வந்துட்டியே, இன்னும் இன்னாத்துக்கு மூஞ்சியத் தூக்கி வெச்சினு கீற?" என்றார்கள். அவளும் சிரித்து வைத்தாள். ஆனால் வலது பக்கம் சுருக்கென்றால் வேர்த்தது, அக்குள் அரித்தால் வேர்த்தது, பக்கத்து வீட்டில் யாராவது இருமினால்கூட வேர்த்தது. அந்த வேர்வையில்தான் கேழ்வரகு முளைத்தது.

பயிர் தோளைத் தாண்டியதும் முந்தானையால் மூடிக்கொண்டு வேலைக்குப் போனாள். கோவிந்தப்பன் ஒரு கதிரைக் கசக்கி, உமியை ஊதிப் பார்த்து, "மணி நல்லா கீது. இன்னும் கொஞ்சம் வெளஞ்சா குந்தாரப்பள்ளி சந்தைக்குப் போடலாம்" என்றான். தூங்கினாயா என்று கேட்கவில்லை.

ஷிப்டு முடிந்தால் கம்பெனி கேட்டில் ஒரு தடுப்புக்குள் பெண்களைத் தடவிப் பார்த்துத்தான் வெளியே விடுவார்கள். செப்புக்கம்பி திருட்டுப் போகிறதாம். நோய் ஒட்டிக்கொள்ளும் என்று நம்பிய பழைய செக்கிங்காரி ஜோதியம்மாளைத் தொடாமலே அனுப்பிவந்தாள். சாத்தூரிலிருந்து புதிதாக வந்த வீரலட்சுமிக்கு இதெல்லாம் தெரியாது. ரவிக்கையை ஓங்கி அழுத்தினாள்.

"கம்பியாக்கா? எம்புட்டு வச்சிருக்கீக?"

"ராகிடி."

"யார்ட்ட கதை விடுறீக?" என்று பையை இழுத்தாள். அது வேரும் கதிருமாக வந்தது. வீரலட்சுமியின் கை தழும்பின் மேல் போய் நின்றது.

ஒரு வருஷத்துக்கு மேலாக அங்கே வேறு யார் கையும் பட்டதில்லை. ஜோதியம்மாள் அந்தக் கையை விடவில்லை. பிடித்து வலது பக்கம் வைத்தாள். "இங்கயும் பாரு. கட்டி எதுனா கீதா?"

"எனக்கு என்னக்கா தெரியும்?"

"தெரியாட்டி போவுது. கைய வெய்யி."

"பஸ்ஸு போயிடும், உள்ள இன்னா களை எடுக்கிறீங்களா?" என்று வெளியே வரிசை கத்தியது. வீரலட்சுமி கையை எடுக்காமல், "பயமா இருக்காக்கா?" என்றாள்.

"ஆமா" என்றாள் ஜோதியம்மாள். அதுவரை அவளிடம் யாரும் அதைக் கேட்டிருக்கவில்லை.

பயம் போய்விடவில்லை, வருஷம் தவறாமல் ஒரு போகம் விளைந்தது. தொண்ணூற்று மூன்றில் நஷ்டக் கணக்குக் காட்டிக் கம்பெனியை மூடினார்கள். வீரலட்சுமி வேறு கம்பெனிக்குப் போனாள். ஆனாலும் சாயங்காலம் இரண்டு பேரும் பூட்டிய கேட்டுக்கு வந்து, கூரை போன அந்தத் தடுப்புக்குள் நுழைகிறார்கள். புதிதாகக் குடிவந்தவர்கள் கேட்டால், செக்கிங் நடக்கிறது என்று மற்றவர்கள் சொல்லிவிட்டுப் போகிறார்கள். கதிர் முற்றியிருந்தால் வீரலட்சுமி முதலில் அதை அறுத்து ஓரமாக வைத்துவிட்டு, பிறகு கையை வைக்கிறாள்.