முள்ளங்கியில் ஏறிய விக்கல்

டெய்லர் வீட்டு முள்ளங்கியைப் பச்சையாகத் தின்றவர்கள் எல்லோருக்கும் டெய்லரின் விக்கல் வந்தது. ஏதோ ஒரு விக்கல் இல்லை, அவருடையதேதான். சின்னதாக இரண்டு, நீளமாக ஒன்று, கடைசியில் "ஹூம்" என்று ஒரு பெருமூச்சு. இளவட்டமாக இருந்தபோது பிடித்துக்கொண்ட விக்கல் அது. கல்யாணமான புதிதில், யாரோ அவரை நினைக்கிறார்கள் என்று அவர் மனைவிக்குச் சந்தேகம் இருந்தது. இத்தனை வருஷமாக ஒருத்தி வேறு வேலையே இல்லாமல் நினைத்துக்கொண்டிருப்பாளா என்று பிறகு விட்டுவிட்டாள். டெய்லரும் அதோடு வாழப் பழகிக்கொண்டார். விக்கலுக்கும் விக்கலுக்கும் நடுவில் மிஷினை ஓட்டுவார், விக்கல் வரப்போகும் நேரத்தில் கால் தானாக நிற்கும். கடையில் அவர் இருக்கிறாரா என்று எட்டிப் பார்க்கும் பழக்கமே தெருவில் யாருக்கும் கிடையாது, காதைக் கொடுத்தால் போதும். அதனால் சலூன்காரர் தொண்டையிலிருந்து அந்த விக்கல் வந்தபோது, பாதி கன்னம் மழித்த நிலையில் நாற்காலியில் இருந்தவர், டெய்லர் வந்திருக்கிறார் என்று நினைத்து வாசல் பக்கம் திரும்பினார். வாசலில் யாரும் இல்லை. கன்னத்தில் கீறல் விழுந்ததுதான் மிச்சம்.

இது எங்கே ஆரம்பித்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். தெருவின் சாக்கடைக் குழாய் உள்வாங்கி, தோண்டிப் போட்டவர்கள் தோண்டியபடியே போய்விட்ட வருஷம், ஆளாளுக்கு ஒரு வழி பார்த்தார்கள். டெய்லர் வீட்டுக்குப் பின்னால் தண்ணீர் வேண்டாத ஒரு கழிப்பறை கட்டினார். கீழே ஒரு வாளி, பக்கத்தில் ஒரு டப்பா நிறைய மரத்தூள். போனவர் ஒரு கை தூளை அள்ளிப் போட்டுவிட்டு வர வேண்டும். வாளி நிறைந்தால் செங்கல் வைத்துக் கட்டிய தொட்டியில் கொட்டுவார். நாற்றம் என்று யாரும் மூக்கைச் சுளிக்க வழியில்லை, அவ்வளவு ஒழுங்கு. துண்டுத் துணியைக்கூடத் தூக்கி எறியாத மனிதர் அவர். வெட்டுத் துணியில் பொத்தானுக்கு உறை போடுவார், அதிலும் மிஞ்சிய பிசிறைத் தலையணைக்குள் திணிப்பார். உடம்பு கொடுப்பதை மட்டும் ஏன் வீணாக்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றியதில் ஆச்சரியம் இல்லை. தொட்டி நிறைந்ததும் தகரத்தைப் போட்டு மூடினார். அது எப்போது உரமாகும் என்று தெரிந்தவர்களிடம் கேட்டிருக்கலாம். அவர் கேட்கவில்லை, கழுத்தில் கிடந்த இஞ்சு டேப்பை எடுத்தார். புதுப் பருத்தித் துணியை நனைத்துச் சுருங்க விட்ட பிறகுதான் வெட்ட வேண்டும், சுருங்கி முடிந்த துணி அதற்கப்புறம் ஏமாற்றாது. குவியலும் அப்படித்தான் என்று முடிவு கட்டி, அவ்வப்போது தகரத்தைத் தூக்கி அளந்தார். பாதியாகச் சுருங்கியது. அதற்குமேல் எத்தனை முறை அளந்தாலும் அதே அளவு.

"சுருங்க வேண்டியது சுருங்கியாச்சு. இனிமே வெட்டலாம்" என்றார்.

மூடி ஒரு வருஷம்கூட முழுதாக ஆகவில்லை. ஆனால் உள்ளே இருந்தது கருகருவென்று, பொலபொலவென்று, மழை பெய்த மண்ணின் வாசனையோடு இருந்தது. அவர் மனைவி முன்னறையில் பட்டறை வைத்துப் பல் டாக்டர்களுக்குப் பல் செட் செய்து கொடுப்பவள். அடுத்தவர் வாய்க்குப் போகிற பொருளைக் கொதிக்க வைக்காமல் தொடாதவள். இடுப்பில் கை வைத்துக்கொண்டு பார்த்தாள். "மண்ணு மாதிரி இருந்தா மண்ணாயிடுமாங்க? பளபளன்னு இருக்குன்னு நான் பல் செட்டைக் கழுவாமயே ஒருத்தர் வாயில வெக்கறேனா?" என்று கேட்டாள். டெய்லர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அவளுக்கும் அடுப்பில் பல் அச்சு காய்ந்துகொண்டிருந்தது, அதற்குமேல் மல்லுக்கு நிற்க நேரமில்லை.

அந்த உரத்தைப் போட்ட பாத்தியில் முள்ளங்கி முழங்கை நீளத்துக்கு வந்தது. கேரட் கண்ணைப் பறித்தது. கொள்ளாத சந்தோஷத்தில் டெய்லர் தெரு முழுக்க வாரிக் கொடுத்தார். பிறகுதான் விக்கல் கிளம்பியது. குழாயடியில் வரிசையாக நின்றவர்கள் வரிசையாக விக்கினார்கள். பாட்டு வாத்தியார் வீட்டில் பிள்ளைகள் தாளத்தோடு விக்கினார்கள், அவர் அதைத் திருத்தப் பார்த்துத் தானும் விக்கினார். ஒரு வாரம் தெரு வயிறு வலிக்கச் சிரித்தது. டெய்லருக்கு உள்ளூரக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை. அடுத்த வாரம் சிரிக்காமலே வயிறு வலித்தது. விக்கியவர்களில் பலருக்குக் காய்ச்சல், சிலருக்கு வயிற்றுப்போக்கு. துணி தேய்க்கிறவர் வண்டி பக்கத்திலேயே சுருண்டு விழுந்தார். சூடான பெட்டி ஒரு வேட்டியின் மேல் அப்படியே இருந்தது, அவரை ஆஸ்பத்திரியில் சேர்த்துக் குளுக்கோஸ் ஏற்றினார்கள்.

டெய்லருக்கு ஒரே மகள். கண்ணாடிக் கடையில் வேலை, மாடியில் புருஷனோடு குடியிருந்தாள். இரண்டு முறை வயிற்றில் தங்காமல் போய், மூன்றாவது தங்கி, அப்போது ஏழாவது மாதம். வெந்த சாப்பாட்டின் வாசனையே ஆகாது என்று பச்சைக் கேரட்டைத் துருவி எலுமிச்சை பிழிந்து சாப்பிட்டு வந்தாள். நல்லதாகப் பொறுக்கி மாடிக்கு அனுப்பியவர் அப்பாதான். அவளுக்கு விக்கல் வரவில்லை. ஒரு மத்தியானம் அம்மா அவள் வயிற்றில் கை வைத்துப் பார்த்தபோது உள்ளே விக்கியது. வயிற்றுப் பிள்ளைகள் விக்குவது உண்டுதான். இது சின்னதாக இரண்டு, நீளமாக ஒன்று, பிறகு வயிறே பெருமூச்சு விட்டதைப் போல மெல்ல ஓர் இறக்கம். அம்மா கையை எடுத்துக்கொண்டு கீழே வந்து பட்டறை அடுப்பை அணைத்தாள். கல்யாணமான நாளிலிருந்து வேலை நடுவில் அவள் அடுப்பை அணைத்தது அன்றைக்குத்தான். சாயங்காலம் மகளுக்கு உடம்பு நெருப்பாகக் கொதித்தது.

மறுநாள் சுகாதார ஆய்வாளர் வந்தார். அவர் வருவதற்கு முன்னால் அவருடைய வாசனை வந்துவிடும், அதனால் ஊரில் அவருக்குப் பினாயில் என்று பெயர். பினாயில் யாரிடமும் எங்கே வலிக்கிறது என்று கேட்கவில்லை. என்ன சாப்பிட்டீர்கள், அதை எப்படிச் சாப்பிட்டீர்கள் என்று வீடு வீடாகக் கேட்டார். வேகவைத்துச் சாப்பிட்ட வீடுகளில் விக்கல் இல்லை. சலூன்காரர் மனைவி நறுக்கிக் குழம்பில் போட்டாள், அவளுக்கு ஒன்றுமில்லை. நறுக்கும்போதே பக்கத்தில் நின்று உப்புத் தொட்டுத் தின்றவருக்கு விக்கல். இப்படியே விசாரித்துக்கொண்டு பினாயில் டெய்லர் வீட்டுப் பின்பக்கம் வந்து நின்றார். டெய்லர் விக்கினார். கொஞ்சம் பொறுத்து, தொட்டியில் மிச்சமிருந்த குவியலும் விக்கியது. மேலே கிடந்த தகரம் இரண்டு முறை லேசாகவும் ஒரு முறை நன்றாகவும் எகிறி அடங்கியது. பினாயில் தலையாட்டிக்கொண்டார்.

"அது மண்ணாயிடுச்சு சார். அளந்து பார்த்துட்டுத்தான் எடுத்தேன்" என்றார் டெய்லர்.

"எதால அளந்தீங்க?"

டெய்லர் டேப்பைக் காட்டினார். பினாயில் சிரிக்கவில்லை. "ஏன் டெய்லர், துணி சுருங்கிட்டா அழுக்கும் போயிடுமா?" என்று மட்டும் கேட்டார். டெய்லருக்கு அந்த ஒரு கேள்வியே போதுமாக இருந்தது. டேப்பைச் சுருட்டிப் பையில் வைத்தவர், அதன்பிறகு துணியைத் தவிர எதையும் அளந்ததில்லை.

பினாயில் அங்கேயே ஒரு கல்லில் உட்கார்ந்து, நடந்தது என்ன என்று பொறுமையாக விளக்கினார். சூடு ஏறினால்தான் கிருமி சாகும், குவியலின் நடுவில் சூடு ஏறினாலும் ஓரம் குளிர்ந்தே கிடக்கும். ஓரத்தை நடுவுக்குக் கொண்டுவந்து புரட்டிப் போட வேண்டும். சின்னக் குவியல் சரியாகச் சூடேறுவதே சந்தேகம் என்பதால், புதிதாக எதையும் சேர்க்காமல் இரண்டு வருஷமாவது மூடி வைக்க வேண்டும். புழு முட்டை மண்ணுக்குள் விதையைப் போலக் காத்திருக்கும், அதற்கு அவசரமே கிடையாது. அப்புறமும் மண்ணுக்குள் விளைகிறதுக்கும், பச்சையாகத் தின்கிறதுக்கும் இதைப் போடவே கூடாது, மரத்துக்கும் பூச்செடிக்கும் போடலாம். தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். எல்லாம் சொல்லிவிட்டு, டெய்லரும் பரிசோதனைக்கு வர வேண்டும் என்றார்.

"நான் நல்லாத்தானே இருக்கேன்?"

"நீங்க நல்லாத்தான் இருக்கீங்க. உங்ககிட்ட இருக்கிறதுதான் மத்தவங்களைப் படுக்க வெச்சிருக்கு."

பரிசோதனையில் அதுவே தெரிந்தது. காய்ச்சல் கிருமி எத்தனையோ வருஷமாக வாடகை கொடுக்காமல் டெய்லருக்குள் குடியிருந்தது, துணைக்கு வயிற்றுப் புழுவும். இரண்டுக்கும் மருந்து கொடுத்தார்கள். தெரு முழுக்க மாத்திரை கொடுத்தார்கள். தோட்டத்தில் இருந்ததையெல்லாம் பிடுங்கி ஆழக் குழி தோண்டிப் புதைத்தார்கள். நட்ட இடத்தில் சாமந்தி போட்டார்கள், அந்தச் சாமந்தியும் கொஞ்ச காலம் காற்றில்லாமலே தலையாட்டியது. துணி தேய்க்கிறவர் எழுந்து உட்கார்ந்து, அந்த வேட்டி என்ன ஆனது என்று கேட்டார். விக்கல் ஒவ்வொரு வீடாகக் காலி செய்துகொண்டு போனது.

மகள் மட்டும் இறங்காத காய்ச்சலோடு ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தாள். பிள்ளையைப் பற்றி டாக்டரம்மா ஒன்றும் உறுதியாகச் சொல்லவில்லை, பார்க்கலாம் என்றார். டெய்லர் கட்டிலுக்குப் பக்கத்தில் வாயில் துண்டை அமுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தன் விக்கல் மகள் காதில் விழக் கூடாது என்று நினைத்தார். பெற்ற மகளுக்குத் தன் கையாலேயே வினையைப் பொறுக்கி அனுப்பியிருக்கிறோம் என்ற நினைப்பில் அவருக்குச் சோறு இறங்கவில்லை.

"அப்பா, துண்டை எடுங்க" என்றாள் மகள். "நீங்க விக்கினா உள்ள இது பதிலுக்கு விக்குது. அது பதில் சொல்ற வரைக்கும் எனக்குப் பயமில்லை."

டெய்லர் துண்டை எடுத்தார். அவர் விக்குவார், மகள் வயிற்றில் கை வைத்துக் காத்திருப்பாள், உள்ளே விக்கும், மகள் தலையசைப்பாள். அம்மா அந்தத் தலையசைப்பை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தாள். ஆனால் டெய்லர் மருந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தாரே. மருந்து வேலை செய்யச் செய்ய விக்கல் தேய்ந்தது. முதலில் பெருமூச்சு போனது, அப்புறம் நீளமானது. மாத்திரையை நிறுத்திவிடலாமா என்று ஒரு கணம் யோசித்தவரைப் பார்த்த மனைவி, மாத்திரையை அவர் நாக்கில் வைத்துத் தண்ணீரையும் நீட்டினாள். ஒரு நாள் காலையில் அவருக்கு விக்கல் அறவே நின்றது. வேண்டுமென்றே விக்கிப் பார்த்தார். வயிற்றுக்குள்ளிருந்தது ஏமாறவில்லை. மத்தியானம் வரை உள்ளே சத்தமே இல்லை. மாப்பிள்ளை நடைபாதையில் நர்சைத் தேடி ஓடினார்.

நர்ஸ் பிள்ளையின் இதயத் துடிப்பைக் கேட்கும் கருவியைக் கொண்டுவந்து வயிற்றில் வைத்தாள். இங்கே வைத்தாள், அங்கே நகர்த்தினாள். பிறகு படபடவென்று, நின்று நிதானிக்க நேரமில்லாத ஒரு சின்ன மிஷின் ஓடுகிற சத்தம் கேட்டது. இடையில் எங்கேயும் நிற்காமல், ஒரே சீராக ஓடியது. "நல்லாத்தான் இருக்கு. விக்கல் நின்னிருக்கு, அவ்வளவுதான்" என்று நர்ஸ் எல்லோர் வயிற்றிலும் பாலை வார்த்தாள். அம்மா மகளின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். வேர்த்திருந்தது, சில்லென்று இருந்தது. டெய்லர் அப்போதுதான் அழுதார். அழும்போதுகூட விக்கல் வரவில்லை.

பெண் குழந்தை பிறந்தது. எடை கொஞ்சம் குறைவு, குரலில் குறை ஒன்றும் இல்லை. சாக்கடைக் குழாயையும் ஒரு வழியாகச் சரிசெய்தார்கள். தொட்டியில் இருந்த குவியல் மட்டும் விடாமல் விக்கிக்கொண்டிருந்தது. பினாயில் அவ்வப்போது வந்து புரட்டச் சொல்வார், டெய்லர் கையுறை போட்டுக்கொண்டு ஓரத்தை நடுவுக்குத் தள்ளி மூடுவார். விக்கல் போன பிறகு டெய்லருக்குத் தையல் நேராக ஓடவில்லை, கால் எங்கே நிற்பது என்று தெரியாமல் திண்டாடியது. மிஷினைப் பின்வாசல் பக்கம் நகர்த்திக்கொண்டு குவியலின் விக்கலுக்கு நடுவில் ஓட்டப் பழகினார். இரண்டு வருஷம் கழிந்து ஒரு நாள், சட்டைக் காலர் ஒன்றை முடிக்கும் நேரத்தில், தகரம் அசையாமல் கிடப்பதைக் கவனித்தார். அன்றைக்கு முழுக்க அசையவில்லை. ஆளனுப்பிப் பினாயிலை வரவழைத்தார். வந்தவர் தகரத்தில் காது வைத்துக் கேட்டுவிட்டு, "சத்தம் நின்னா போதாது. இன்னும் ஒரு வருஷம் கிடக்கட்டும்" என்றார். டெய்லர் மனைவி இரண்டு வருஷமாகவே வைத்துக்கொள்ளலாம் என்றாள். அவள் பேச்சை இந்த முறை யாரும் தட்டவில்லை.

கடைசியில் அந்த உரம் பின்பக்க எலுமிச்சை மரத்துக்குப் போனது. முதல் காய்ப்பு வந்த நாளில் டெய்லர் வீட்டில் எல்லோருக்கும் எலுமிச்சை ஜூஸ். பழத்தையும் கத்தியையும் தம்ளரையும் மனைவியே கழுவினாள், தண்ணீரையும் கொதிக்க வைத்து ஆற்றியிருந்தாள். சலூன்காரர் வந்தார், பாட்டு வாத்தியார் வந்தார், பினாயில் தன் வாசனையோடு வந்தார். தம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். துணி தேய்க்கிறவர்தான் முதலில் குடித்தார். பிறகு எல்லோரும் குடித்துவிட்டுக் காத்திருந்தார்கள். ஒன்றும் வரவில்லை. அப்போது மடக்மடக்கென்று குடித்த பேத்தி சின்னதாக ஒரு விக்கல் விக்கினாள்.

யாரும் அசையவில்லை. டெய்லர் இரண்டாவதுக்காகக் காத்திருந்தார். மகள் தன்னையறியாமல் வயிற்றில் கை வைத்துக்கொண்டாள். நீளமானதற்கான நேரமும் கடந்து போனது, பெருமூச்சும் வரவில்லை. ஒன்றே ஒன்றுதான், அதுவும் அவளுடையதேதான்.

"மெதுவாக் குடிடி" என்றாள் டெய்லர் மனைவி. எல்லோரும் இன்னொரு தம்ளர் கேட்டார்கள்.