நாலு ஓட்டைத் தகடு

1

இந்தக் கதை பிறந்த இடம் என் தலையணைக்கு அடி. அங்கே ஓர் இரும்புத் தகடு இருக்கிறது: வட்டம், நாலு ஓட்டை, மண்ணெண்ணெய் வாடை. காலையில் அக்காவுக்குக் கல்யாணம். எல்லாரும் தூங்குகிறார்கள். எனக்கு மட்டும் தூக்கம் வரவில்லை. அதனால் எழுதுகிறேன், வாசகரே.

2

முதல் ஆரம்பம்: எங்கள் கஜா பெராங்கில் கமலவேணி என்றொரு கவனமில்லாத பெண் இருந்தாள். அவள்தான் அந்த

(அடித்துவிட்டேன். கமலவேணி எதிர்வீட்டுக்காரி. பாவம், அவள் இன்று எங்கள் பக்கமே வரவில்லை.)

இரண்டாம் ஆரம்பம்: மெர்டேக்காவுக்கு, அதாவது நாட்டின் சுதந்திர நாளுக்கு, நாலே நாள். வாடகைக் காடியெல்லாம் கோலாலம்பூருக்குப் பேசியாகிவிட்டது. அக்காவை மாப்பிள்ளை ஊரான உஜோங் பாசிருக்குக் கொண்டுபோக எங்கள் கிழட்டு மோரிஸ் காரை விட்டால் வேறில்லை. அதன் பின்சக்கரமோ ஒரு வாரமாக மாவு அரைப்பதுபோல் சத்தம் போட்டது. பேரிங்கைத் தானே மாற்றுவதென்று அப்பா இறங்கினார்.

3

அச்சிலிருந்து உருவியதை அப்பா வாழையிலையில்தான் வைப்பார், பரிமாறுவதுபோல இடமிருந்து வலமாக. முதலில் பேரிங், அப்புறம் தகடு. இரண்டே சாமான். ஆனாலும் இலை வேண்டும். "இதுதாம்மா சக்கரத்த காடியோட புடிச்சி வைக்கிறது" என்று தகட்டைக் காட்டினார். மாட்டும்போது வலப்பக்கத்திலிருந்து நான் எடுத்துக் கொடுக்கவேண்டும்.

பழைய பேரிங் இருந்த இடத்தில் புதியதை வைத்துவிட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போனார். இலையின் நுனி வலப்பக்கம் இருந்தது. கல்யாண வீட்டில் அப்படி இருக்கலாமா? சாமானோடு இலையைச் சுற்றித் திருப்பி வைத்தேன்.

(அடிக்குறிப்பு: அப்போது எனக்கு ரொம்பப் பெருமையாக இருந்தது.)

4

இதைக் கூட்டாமல் குறைக்காமல் எழுதுகிறேன். வலப்பக்கம் இருந்ததென்று நான் முதலில் எடுத்துக் கொடுத்த பேரிங்கை அச்சில் அடித்து இறக்கிவிட்டு அப்பா கையை நீட்டினார்.

"அடுத்தத எடு லா, சந்திரா."

என் கையில் தகடு. பேரிங்குக்கு முன்னால் போயிருக்கவேண்டியது. இனி பேரிங்கைப் பிடுங்கினால்தான் நுழையும்.

"என்னா, தூங்கிட்டியா?"

"இல்லப்பா... எல காலி."

"அப்ப ஏன் போல்ட்டு நாலும் நீளமா நிக்குது?"

"வாஷர் போடுங்கப்பா."

"அட! எம்மவளுக்கு மூள இருக்கே!"

உள்ளேயிருந்து அம்மா: "அந்த மூளைய வந்து நாலு தேங்கா துருவச் சொல்லுங்க!"

5

முடிவு ஒன்று: எதுவும் ஆகாது. (எனக்கே நம்பிக்கை இல்லை.)

முடிவு இரண்டு: சக்கரம் அச்சோடு உருவிக்கொண்டு, காடியை முந்தி, உஜோங் பாசிர் போய்ச் சேர்கிறது. மேளம் கொட்டுகிறது. மாப்பிள்ளை வீட்டார் அதற்குப் பன்னீர் தெளிக்கிறார்கள். பின்னால், அக்கா

(இந்த வரியை முடிக்க முடியவில்லை. அக்கா உட்காரப்போவது அந்தச் சக்கரத்துக்கு மேலேதான்.)

மூன்றாவது முடிவை நான் எழுதப் போவதில்லை.

6

வாசகரே, விடிகாலை நாலு மணிக்கு எழுந்து, திருநீறு பூசிக்கொண்டு, காடியில் பூ கட்டக் கதவைத் திறப்பீர்கள். உங்கள் இருக்கையில் இந்த நோட்டு விரிந்திருக்கும். பக்கம் புரளாமல் இருக்க மேலே தகடு. முகூர்த்தம் ஒன்பதுக்குத்தான்.

பக்கத்தில் புது வாழையிலை ஒன்று வைத்திருக்கிறேன். நுனி எந்தப் பக்கம் இருந்தாலும் இனி தொடமாட்டேன், அப்பா.