பன்னிரண்டு ஜோடி நீல ஷூ

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு முற்பகலில் நான் இருந்த பேருந்து ஒரு சந்தின் முனையில் சற்று நின்றது. இடப்பக்க ஜன்னல் வழியே, சந்துக்குள் இரண்டாவது வீட்டின் வாசல் தெரிந்தது. படியில் வரிசையாகச் சின்னச் சின்ன ஷூக்கள், எல்லாம் ஒரே நீலம். எண்ணினேன், பன்னிரண்டு ஜோடி. பேருந்து கிளம்பிவிட்டது. ஒரு பயம் மட்டும் இறங்கவே இல்லை.

நான் படிக்கும் மொழிபெயர்ப்பு நாவல்களில் குழந்தைகள் பனியில் தொலைவார்கள், காட்டில் தொலைவார்கள். இங்கே ஒரு சந்தும் ஒரு சாலையும்தான். அதுவே போதும் என்று தோன்றியது.

2

முதல் வரி, முதல் முயற்சி: அன்று காலை எல்லாம் வழக்கம்போலவே

(வேண்டாம். இப்படித் தொடங்கினால் நீங்கள் உஷாராகிவிடுவீர்கள்.)

இரண்டாவது முயற்சி: அக்காவுக்கு எண்ணத் தெரியாது.

(பொய். அவளைவிடக் கெட்டிக்காரத்தனமாக எண்ணுபவள் அந்தத் தெருவில் இல்லை.)

தெருவே அக்கா என்று கூப்பிடும் அவள் தன் இரண்டு அறை வீட்டில், வேலைக்குப் போகும் பெண்களின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிறாள். கூடமாட உதவிக்கு நாத்தனார். அக்கா குழந்தைகளை எண்ணமாட்டாள், வாசலில் கிடக்கும் செருப்புகளை எண்ணுவாள். வார் அறுந்தது இரட்டையரில் மூத்தவனுடையது. ஒரு கால் சிவப்பு, ஒரு கால் மஞ்சள் என்றால் தையல்காரியின் மகள். கீச் கீச் என்று கத்தும் ஷூ பட்டனுடையது. கஞ்சி கிண்டிக்கொண்டே காதால் எண்ணிவிடுவாள்.

பட்டனுக்கு மூன்று வயது. யார் தூக்கினாலும் அவர்கள் சட்டைப் பொத்தானைப் பிடித்துக்கொள்வாள், அதனால் அந்தப் பெயர். அம்மா சலவைக்கூடத்தில் இஸ்திரி போடுகிறாள்.

3

இந்த வருடம் ஒரு பெரிய பாலர் பள்ளி அக்காவின் வீட்டைக் கூட்டாளியாகச் சேர்த்துக்கொண்டது. விரிப்பு வந்தது, படப் புத்தகங்கள் வந்தன, ஒரு டீச்சரும் வந்தாள்.*

* டீச்சரை முதலில் வில்லியாகத்தான் எழுதினேன். கண்ணாடி, கடுகடுப்பு எல்லாம் வைத்து. நாலு பக்கம் எழுதி, அடித்துவிட்டேன். ஏனென்றால் அவள் தரையில் உட்கார்ந்து, குழந்தைகளின் கண் மட்டத்தில் பேசினாள். அவள் வந்த பிறகு இரட்டையர் கடிப்பதை நிறுத்தினார்கள். நல்லவளை வைத்துக்கொண்டு பயத்தை எழுதுவது கஷ்டம்.

பள்ளி பன்னிரண்டு ஜோடி நீல ஷூக்களும் கொடுத்தது. பழைய செருப்புகள் ஒரு சாக்கில் கட்டப்பட்டு, சந்து முனைக் குப்பைத்தொட்டிக்குப் பக்கத்தில் வைக்கப்பட்டன. பட்டன் அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

கூடவே ஒரு தாளும் வந்தது. அரை மணிக்கொரு தரம் தலைகளை எண்ணி எழுத வேண்டும். கை நிறையக் கஞ்சியோடு பேனா எப்படிப் பிடிப்பது? அக்கா காலையிலேயே, மாலை நாலு மணி வரைக்கும் பன்னிரண்டு, பன்னிரண்டு என்று எழுதி முடித்துவிடுவாள்.

4

அன்று டீச்சர் பள்ளியின் சார்பில் அக்காவின் வீட்டுக்கு மதிப்பெண் போடும் நாள். தேறாவிட்டால் வீட்டை மூடச் சொல்வார்கள் என்று பேச்சு.

காலையில் பட்டனின் அம்மா சிரித்துக்கொண்டே விட்டுப்போனாள். "அக்கா, இவ இந்த ஷூவப் போடவே மாட்டேங்குறா. சத்தம் வரலையாம். ரிப்பேராம்!"

"அப்படியா மகாராணி? அத்தை ரிப்பேர் பண்ணித் தர்றேன், போ" என்றாள் அக்கா. பிறகு மறந்துபோனாள்.

பதினொன்று ஐந்துக்கு நாத்தனார் அடுப்படிக்கு வந்தாள்.

"அண்ணி, பட்டன் எங்க?"

"உள்ள பாரு."

"உள்ளதான் பாத்துட்டு வர்றேன்."

"பாத்ரூம்ல?"

"பாத்தாச்சு. கட்டிலுக்கு அடியிலயும் பாத்தாச்சு."

அக்கா வாசலை எட்டிப் பார்த்தாள். "ஷூ பன்னண்டும் இருக்குடி."

"ஷூ இருக்கு அண்ணி. புள்ளையத்தான் காணோம்."

வெளிக்கதவு ஒரு சாண் திறந்திருந்தது. கடைசியாக உள்ளே வந்தவள் டீச்சர்; அதைச் சரியாகச் சாத்தாதது யார் என்று இருவருக்கும் தெரியும். டீச்சர் முன்னறையில் கதை வாசித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் அந்தத் தாள்: பதினொன்றரை மணி, பன்னிரண்டு தலைகள். பதினொன்றரை இன்னும் ஆகவில்லை.

"கத்தாத" என்றாள் அக்கா. "நீ பின்பக்கம் பாரு. நான் மொட்டை மாடி பாக்குறேன்."

(இந்த இடத்தில் அக்காவை நான் நம்பவில்லை. ஒரு குழந்தை காணாமல் போன பிறகு இவள் வாயை மூடிக்கொண்டிருப்பாளா? இருந்தாள். நாலு நிமிடம். பதினோரு அம்மாக்களின் வேலையும் அந்த வாய்க்குள் இருந்தது.)

5

முடிவு ஒன்று: பட்டன் துணி மூட்டைக்குப் பின்னால் தூங்கிக்கொண்டிருந்தாள்.

(மன்னித்துக்கொள்ளுங்கள். எழுதும்போதே எனக்கு வெட்கமாக இருந்தது.)

முடிவு இரண்டு: சாலையில் கூட்டம் கூடியிருந்தது. அக்கா விலக்கிக்கொண்டு

(முடியாது. கை வரவில்லை.)

6

மாடியிலிருந்து இறங்கிய அக்கா நேராக முன்னறைக்குப் போனாள். "டீச்சர், பட்டனக் காணோம். அந்தத் தாள நம்பாதீங்க, காலையிலயே எழுதி வச்சுட்டேன்."

பின்பக்கம் தேடிவிட்டு வந்த நாத்தனார் கையில் டீச்சர் புத்தகத்தைக் கொடுத்தாள். "எழுதுறதெல்லாம் அப்புறம். அவளுக்கு எது ரொம்பப் பிடிக்கும்? சீக்கிரம் சொல்லுங்க!"

"பழைய ஷூ. சத்தம் போடுற..." அக்கா வாசல் பக்கம் திரும்பினாள். "ஐயோ. சாக்கு. சந்து முனையில!"

இருவரும் வெறுங்காலோடு ஓடினார்கள்.

இதற்கு மேல் எனக்குத் தெரியாது. காரணம் இதுதான்: சந்து முனையில் அப்போது ஒரு பேருந்து நின்றிருந்தது. அதில் நான் இருந்தேன். இடப்பக்கம் பார்த்து ஷூக்களை எண்ணிக்கொண்டிருந்தேன். எண்ணிக்கை சரியாக இருந்தது. முன்பக்கம் பார்க்கவில்லை.

கிளம்பும்போது சக்கரத்துக்குப் பக்கத்தில் கீச் என்று ஒரு சத்தம் கேட்டது. பிரேக் என்று நினைத்துக்கொண்டேன். பேருந்து நின்றதா? அந்தச் சத்தம் இரண்டாம் முறையும் கேட்டதா? ஞாபகம் இல்லை.

நீங்கள் ஓட்டுநருக்குப் பின் இருக்கையில் உட்கார்ந்திருக்கிறீர்கள். பேருந்து இன்னும் கிளம்பவில்லை.

எழுந்து பாருங்கள்.