நாற்பத்தேழில் முடியும் எண்

எனக்குக் கோபம் வந்தால் முதலில் கை வேலை செய்யும், அப்புறம்தான் புத்தி. பிறந்தது கமுதி. தங்கச்சிமடத்துக்கு வாக்கப்பட்டு வந்து பதினாலு வருஷம் ஆகிறது; இன்னும் இங்கே எனக்குப் பெயர் 'கமுதி மொளகா'தான். என் காதுபடவே சொல்வார்கள். பஸ் நிறுத்தத்துக்கு எதிரே 'சத்யா கம்ப்யூட்டர்ஸ்' என்று போர்டு தொங்குகிறதே, அது என் கடை. சாதிச் சான்றிதழ், ரேஷன் கார்டு, கல்லூரி விண்ணப்பம் என்று ஊருக்கு வேண்டியதையெல்லாம் ஆன்லைனில் போட்டுக் கொடுப்பேன்.

அன்று காலையில் மீரா சாகிபு அண்ணன் தன் மெயிலைப் பார்க்க வந்து உட்கார்ந்தார். பெயர் போடுகிற கட்டத்தைத் தொட்டதும் கீழே வரிசையாகப் பத்துப் பெயர்கள் இறங்கின. அவர் தெரியாமல் ஒன்றைத் தொட, கடவுச்சொல்லும் தானே வந்து உட்கார, வேறு யாருடைய மெயிலோ திறந்துகொண்டது.

"என்னம்மா சத்யா, ஊரு சாவியெல்லாம் வாசல்லயே தொங்கப் போட்டு வச்சிருக்க?" என்று சிரித்தார்.

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்குத்தான் சுரீர் என்றது. தப்பு என்னுடையது. வருகிறவர்கள் யாருக்கும் கடவுச்சொல் நினைவிருக்காது. எழுதிக் கொடுத்த சீட்டையும் தொலைத்துவிட்டு வந்து நிற்பார்கள். அதனால் 'கடவுச்சொல்லைச் சேமிக்கவா' என்று பிரவுசர் கேட்கும்போதெல்லாம் 'சேமி' என்று அழுத்தி அழுத்திப் பழகிவிட்டேன். அவர் போனதும் செட்டிங்ஸுக்குள் போய்ப் பார்த்தால் இருநூற்றுப் பதினேழு கடவுச்சொற்கள் கிடந்தன. நிதானமுள்ளவளாக இருந்தால், உரியவர்களுக்குப் போன் போட்டுச் சொல்லி, எழுதிக் கொடுத்துவிட்டு ஒவ்வொன்றாக அழித்திருப்பாள். நான் அத்தனையையும் மொத்தமாகத் தேர்ந்தெடுத்து ஒரே அழுத்தில் அழித்துவிட்டு, அப்பாடா என்று டீ வாங்கிக் குடித்தேன்.

மதியம் இரண்டு மணிக்கு ஆஸ்லின் மூச்சிரைக்க ஓடி வந்தாள். பின்னாலேயே அவள் அப்பா வில்பிரட் அண்ணன், சலவைச் சட்டையில். வள்ளத்தில் மீனுக்குப் போகிறவர், மகளுக்காக அன்று கடலுக்குப் போகவில்லை.

"அக்கா, நர்சிங் சீட்டு வந்துருச்சுக்கா! லிஸ்ட்ல எம் பேரு இருக்குன்னு டீச்சர் பாத்துச் சொன்னாங்க. அஞ்சு மணிக்குள்ள உள்ள போயி 'ஏத்துக்கிறேன்'னு அழுத்தணுமாம். இல்லாட்டி அடுத்த ஆளுக்குப் போயிருமாம்."

இந்தப் பிள்ளைக்கு மே மாதத்தில் விண்ணப்பம் போட்டது நான்தான். "மெசேஜ் ஒண்ணும் வரலியேக்கா" என்று அதன்பிறகு மூன்று தடவை வந்து கேட்டாள். "வரும் போடி, சர்வரு பிசி" என்று மூன்று தடவையும் விரட்டியடித்திருக்கிறேன்.

"அதுக்கென்ன, ரெண்டு நிமிசத்துல முடிச்சுருவோம். பாஸ்வேர்டச் சொல்லு" என்றேன்.

"எனக்கு எங்கக்கா தெரியும்? நீங்கதான போட்டீங்க. மெசினு ஞாபகம் வச்சுக்கிரும், நீ வீட்டுக்குப் போன்னு சொன்னீங்க."

தோன்றியதையெல்லாம் போட்டுப் பார்த்தேன். அவள் பெயர், பிறந்த தேதி, என் கடை பெயர். நான்காவது தடவை, இன்னும் ஒருமுறை தப்பானால் உள்ளே விடமாட்டோம் என்று எச்சரிக்கை வந்தது. கையை எடுத்துவிட்டு 'கடவுச்சொல்லை மறந்துவிட்டேன்' என்பதை அழுத்தினேன். பதிவு செய்த போனுக்கு ஓடிபி அனுப்பியாயிற்று என்று வந்தது. முழு எண்ணைக் காட்டாமல் கடைசி இரண்டை மட்டும் காட்டியது. நாற்பத்தேழு.

"அண்ணே, போனுல ஆறு நம்பர் வந்திருக்கா பாருங்க."

வில்பிரட் அண்ணன் பார்த்தார். "ஒண்ணும் வரலியே, தங்கச்சி."

"உங்க நம்பரு எதுல முடியும்?"

"பன்னெண்டு."

கடவுச்சொற்களைத்தான் அழித்திருந்தேனே தவிர, படிவங்களை நிரப்புவதற்காகப் பிரவுசர் சேர்த்து வைக்கிற பெயர், விலாசம், போன் நம்பர் பட்டியல் அப்படியே இருந்தது. அதைத் திறந்து ஒவ்வொன்றாக இறங்கினேன். நாற்பத்தேழில் முடிவது ஒன்றே ஒன்றுதான். பெயர் இன்னாசி, ஊர் பாம்பன். ஆஸ்லின் வந்த அதே காலையில், அவளுக்கு முன்னால் படகுப் பதிவைப் புதுப்பிக்க வந்தவர். போன் நம்பர் கட்டத்தில் முதல் இரண்டு எண்ணைத் தட்டியதும் இறங்கிய பட்டியலில், வில்பிரட் அண்ணன் நம்பர் என்று நினைத்து மேலே இருந்த இன்னாசியின் நம்பரை அழுத்தித் தொலைத்திருக்கிறேன். அன்றைக்கே ஓடிபி கேட்டிருந்தால் அன்றைக்கே மாட்டியிருப்பேன். கேட்கவில்லை.

பெயரைச் சொன்னதும் வில்பிரட் அண்ணன் எழுந்துவிட்டார். "யாரு, பாம்பன் இன்னாசியா?"

இன்னாசி வேறு யாருமில்லை, ஆஸ்லினின் தாய்மாமன். அவள் அம்மா ஜெபமாலையின் கூடப்பிறந்த அண்ணன். நான்கு வருஷத்துக்கு முன்னால் ஆஸ்லினின் சடங்கு அன்று, கடலுக்குப் போன இன்னாசியின் படகில் எஞ்சின் நின்றுவிட்டது. வில்பிரட் அண்ணன் வீட்டார் காத்திருந்து பார்த்துவிட்டு, மாமன் சீர் இல்லாமலே பிள்ளைக்குத் தண்ணீர் ஊற்றி முடித்துவிட்டார்கள். மூன்று மணிநேரம் கழித்து ஈரத் துணியோடு பட்டுப்பாவாடைத் தட்டை ஏந்தி வந்தவர், பந்தலில் எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்ததைப் பார்த்தார். தட்டை வாசலில் வைத்துவிட்டுத் திரும்பிப் போனவர்தான். அதிலிருந்து இரண்டு வீட்டுக்கும் பேச்சு வார்த்தை கிடையாது. எங்கள் தீவு முழுக்கத் தெரிந்த கதை இது.

"அவன் வாசல்ல போயி நிக்கச் சொல்றியா என்னைய? அப்படி ஒரு சீட்டு எம் பிள்ளைக்கு வேணாம்."

"அண்ணே, உங்க வீம்பக் கொண்டுபோயி கடல்ல போடுங்க!" என்று கத்திவிட்டேன். "தப்புப் பண்ணுனது நான். திட்டுறதா இருந்தா என்னையத் திட்டுங்க. இந்தப் பிள்ள ராத்திரி பகலாப் படிச்சது உங்க சண்டைக்காகவா?"

அவர் போனைச் சட்டைப் பையில் போட்டு அதன்மேல் கையை வைத்துக்கொண்டு வெளியே ஸ்டூலில் போய் உட்கார்ந்துவிட்டார். ஆஸ்லின் அழக்கூட இல்லை, கம்ப்யூட்டரையே பார்த்தபடி நின்றாள். அதைப் பார்க்க எனக்குத்தான் தாங்கவில்லை.

என் போனிலிருந்து இன்னாசிக்கு அடித்தேன்.

"அண்ணே, தங்கச்சிமடம் கம்ப்யூட்டர் கடையில இருந்து பேசுறேன். உங்க போனுக்கு ஆறு நம்பர் ஒண்ணு வந்திருக்கும். அதக் கொஞ்சம்..."

"வந்துச்சு. ஒனக்கு எதுக்கு அது?"

"அவசரம்ணே, ஓடிபி."

"ஓடிபியா? ஏம்மா, பொம்பளப் பிள்ளையா இருந்துக்கிட்டு வேற பொழப்பு கெடைக்கலையா ஒனக்கு? அத யாருட்டயும் சொல்லக்கூடாதுன்னு ஒரு நாளைக்குப் பத்து தடவ போன்லயே சொல்றான். இது எம் மருமகளுக்கு வந்தது. கழுத்த அறுத்தாலும் சொல்ல மாட்டேன். வையி போன!"

வைத்துவிட்டார். திரும்ப அடித்தால் எடுக்கவில்லை. மணி இரண்டேமுக்கால். மருமகளுக்கு வந்தது என்று இவருக்கு எப்படித் தெரியும் என்று யோசிக்கக்கூட நேரமில்லை. ஆஸ்லினை ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு பாம்பனுக்கு விட்டேன். வில்பிரட் அண்ணன் தடுக்கவில்லை, நிமிர்ந்தும் பார்க்கவில்லை.

கரையில் மற்ற வள்ளங்கள் கடலுக்குப் போயிருந்தன. ஒன்று மட்டும் மணலில் கிடந்தது. அதன் பக்கவாட்டில் நீலப் பெயிண்டில் ஆஸ்லின் என்று இங்கிலீஷில் ஐந்து எழுத்து. பக்கத்துப் பூவரச மரத்தடியில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு இன்னாசி உட்கார்ந்திருந்தார். பட்டன் போனை ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தார்.

ஆஸ்லினைக் கண்டதும் எழுந்தார். இடுப்பில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்தார், திரும்பக் கட்டினார்.

"வந்துட்டியா தாயி" என்றார். "வருவன்னு தெரியும். இன்னுங் கொஞ்சம் பாத்துட்டு நானே கெளம்பியிருப்பேன்."

அவள் தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். அவர் போனை உறையிலிருந்து எடுத்து அவள் கையில் கொடுத்தார். மே மாதத்திலிருந்து வந்த அத்தனை மெசேஜும் அதில் இருந்தன. விண்ணப்பம் கிடைத்தது, தரவரிசை இத்தனை, சீட்டு ஒதுக்கியாயிற்று, இன்று ஐந்து மணி கடைசி. ஒன்றைக்கூட அவர் அழிக்கவில்லை.

"எனக்கு இங்கிலீசு எங்க தெரியும்? ஆனா இந்த அஞ்சு எழுத்து தெரியும்ல" என்று படகைக் காட்டினார். "மொதத் தடவ பேரப் பாத்ததும் இது நம்ம புள்ளைக்கு வந்ததுன்னு புரிஞ்சுபோச்சு. மாதா கோயில்ல சாமியார்ட்டக் காட்டித்தான் ஒவ்வொண்ணையும் படிக்கக் கேப்பேன். இந்த ஒரு வாரமா கடலுக்குப் போகல. நடுக்கடல்ல டவரு இருக்காது பாரு, ஒனக்கு எதாச்சும் வந்துச்சுன்னா?"

எனக்கு முகம் சுருங்கிவிட்டது.

"நாலு வருசம் மாமன நெனைக்கலன்னு கோவமாத்தான் இருந்தேன்" என்றார் அவர். "ஒங்க அப்பனுக்குத் தெரியாம நம்பரக் குடுத்திருக்க. காரியம்னு வந்ததும் மாமன் நம்பரத்தான குடுத்த? நீதான குடுத்த?"

உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று வாயைத் திறந்தேன். அண்ணே, அவள் கொடுக்கவில்லை, என் கை தவறியது, பிரவுசர் தானாக நிரப்பிக்கொண்டது என்று எல்லாம் நாக்கு நுனியில் வந்துவிட்டது.

"ஆமா மாமா" என்றாள் ஆஸ்லின். "நான்தான் குடுத்தேன்."

சொல்லிவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தாள். என் வாழ்க்கையில் என் வாயை அடைத்த ஆள் அந்தப் பதினெட்டு வயசுப் பிள்ளைதான். பேசாமல் என் போனில் அந்தத் தளத்தைத் திறந்து இன்னொரு ஓடிபி கேட்டேன். ஆஸ்லின் திருப்பிக் கொடுத்திருந்த போன் இன்னாசியின் கையில் அதிர்ந்தது. என்னைச் சந்தேகமாகப் பார்த்து, போனை நெஞ்சோடு மறைத்துக்கொண்டார்.

"இந்த அம்மாதான போன்ல ஓடிபி கேட்டது? கொரலு அதே கொரலு."

"ஆமாண்ணே, நான்தான்" என்றேன்.

"தள்ளி நில்லு தாயி" என்று என்னிடம் சொல்லிவிட்டு, ஆறு எண்களையும் மருமகளின் காதில் ஒவ்வொன்றாகச் சொன்னார். அவளே புதுக் கடவுச்சொல் போட்டாள். நான் வேண்டுமென்றே கடலைப் பார்த்துக்கொண்டேன். 'ஏற்றுக்கொள்கிறேன்' என்பதை அவள் அழுத்தும்போது மணி மூன்று நாற்பது. இன்னாசி பக்கத்திலிருந்த தன் வீட்டுக்குள் போய் ஒரு பையை எடுத்து வந்து அவள் கையில் திணித்தார். நான்கு வருஷத்துக்கு முன் வாசலில் வைத்துவிட்டுப் போன அந்தப் பட்டுப்பாவாடை. ஜெபமாலை மறுநாளே யார் கையிலோ திருப்பி அனுப்பியிருந்தாளாம். "சின்னதாப் போயிருக்கும். இருந்தாலும் வச்சுக்க" என்றார்.

கடைக்குத் திரும்பியபோது வில்பிரட் அண்ணன் அதே ஸ்டூலில் இருந்தார். ஆஸ்லின் அவர் முன்னால் குந்தி உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள். மாமன் மெசேஜ்களை அழிக்காமல் வைத்திருந்தது, ஒரு வாரமாகக் கடலுக்குப் போகாதது, 'நான்தான் குடுத்தேன்' என்று அவள் சொன்ன பொய், எல்லாம். பையைப் பிரித்துக் காட்டினாள். அவர் பாவாடையைத் தொடவில்லை, பார்த்துக்கொண்டேயிருந்தார்.

நான் உள்ளே போய் முதல் வேலையாக அந்தச் சேமித்த பட்டியலை அழித்து, தானாக நிரப்புகிற வசதியையும் அணைத்தேன். அப்புறம் ஆஸ்லினை அவள் கணக்கைத் திறக்கச் சொல்லி, போன் நம்பர் கட்டத்தில் இருந்த தப்பான எண்ணை அழித்தேன். கட்டம் காலியாக நின்றது.

"அண்ணே, இனிமேலாச்சும் ஒழுங்காப் போடுவோம். எந்த நம்பரப் போட, சொல்லுங்க."

அவர் எழுந்து வந்து என் நாற்காலிக்குப் பின்னால் நின்றார். போனை எடுக்கவில்லை. ஒவ்வொரு எண்ணாகச் சொல்ல ஆரம்பித்தார். எங்கும் தடுமாறவில்லை. நான் தட்டிக்கொண்டே வந்தேன். எட்டு எண் ஆனதும் என் கை நின்றது.

"நாலு. ஏழு" என்றார்.

ஆஸ்லின் திரும்பி அப்பாவைப் பார்த்தாள். என் வாய் சும்மா இருக்குமா?

"ஏண்ணே, உங்க நம்பரு இருக்கைல அவரு நம்பரு எதுக்கு?"

"நான் கடலுக்குப் போயிட்டா டவரு கெடைக்காது."

"அவரும் கடலுக்குப் போறவருதான?"

"அவன் போக மாட்டான், தங்கச்சி" என்றார் வில்பிரட் அண்ணன். "புள்ளைக்கு மெசேஜ் வரும்னா அவன் போக மாட்டான்."