முட்டைக்கு மேல் தூக்கிய கால்

குலு டவுனிலிருந்து வந்த படத்தின் பாதியில், நடிகை முட்டைக்கு மேல் தூக்கிய காலைக் கீழே வைக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டாள். ஜெனரேட்டரை அணைத்தார்கள், படம் காட்ட மாமரத்தில் கட்டிய வெள்ளைத் துணியை அவிழ்த்தார்கள். அவள் மரத்தின் அடியில், முதுகில் பிள்ளையோடு, ஒற்றைக் காலில் அப்படியே நின்றாள். போரில் பிறந்த பிள்ளைகளைப் பற்றி ஊர் வாய் திறக்க வேண்டும் என்று ஒரு தொண்டு நிறுவனம் கொண்டுவந்த படம் அது. நாங்கள் போனது அவர்கள் கொடுத்த சோடாவுக்காக. சோடாவைக் குடித்துவிட்டுத் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

"பேசணும்னுதானே காட்டுனாங்க? பேசுங்க, நிக்கிறேன்" என்றாள்.

யாரைப் பற்றிப் பேச வேண்டும் என்பது ஊருக்கே தெரியும். லன்யேரோ சிறுமியாகத் தண்ணீருக்குப் போன வழியில் கிளர்ச்சிக்காரர்கள் அவளைக் காட்டுக்கு இழுத்துப் போனார்கள். பல வருஷம் கழித்து முதுகில் கைக்குழந்தையோடு தப்பி வந்தாள். அப்படிப் போய்த் திரும்புகிறவர்கள் வாசலில் வைத்த முட்டையை மிதித்துத்தான் உள்ளே வர வேண்டும். அவள் மிதித்தாள். முதுகிலிருந்த மகன் ஒடொகோராச்சின் கால் தரையில் படவில்லை. தாய்மாமன் ஓடிம் அந்தச் சாக்கைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். அப்பன் வழி இல்லாத பையனுக்கு நிலம் கொடுக்க அவரை விட்டால் ஆளில்லை. அவரோ, பையன் இன்னும் ஊருக்கே வந்து சேரவில்லை என்று சாதித்தார். ஊருக்கு வந்து சேராத பையன்தான் தினமும் அவருடைய எள் வயலைக் கொத்திக்கொண்டிருந்தான். கடைந்தெடுத்த அயோக்கியத்தனம் இது.

நடிகை மழைக்காலம் முழுக்க நின்றாள். முதுகுப் பிள்ளைக்குப் பல் முளைத்தது, பிறகு மீசை. நீண்ட கால்கள் துணிக்கு வெளியே தொங்கின. பெண்கள் கஞ்சி வைத்தார்கள், கிண்ணம் காலியானது. நிறுவனத்தார் அவ்வப்போது வந்து பார்த்து, கலந்துரையாடல் சிறப்பாக நடக்கிறது என்று மேலிடத்துக்குச் சொன்னார்கள். நாங்கள் பேசியதெல்லாம் அவளுக்குக் கால் வலிக்காதா என்பது மட்டும்தான்.

எள் அறுவடையன்று ஓடிம் மாமரத்தடியில் மூட்டையை இறக்கினார். தூக்கி வந்தது ஒடொகோராச்தான். லன்யேரோ ஊரார் முன்னால் வந்து நின்றாள். அதுவரை அவள் எதுவும் கேட்டதில்லை.

"அண்ணே, போனவங்கதானே திரும்பி வரணும்? என்னை இழுத்துட்டுப் போனாங்க. வந்தேன், மிதிச்சேன். இவன் எங்க போனான்? பொறந்தான், வீட்டுக்கு வந்தான். உன் பிள்ளைங்கள்ல எது முட்டைய மிதிச்சிட்டு உள்ள வந்துச்சு?"

ஓடிமுக்கு ஏராளமான பிள்ளைகள். ஒவ்வொருவராக யோசித்துப் பார்த்தார். பாதிப் பேர் டவுன் ஆஸ்பத்திரியில் பிறந்து, தாயின் முதுகில் வீடு வந்தவர்கள். அவருக்கு முகம் தொங்கிப்போயிற்று. எங்களுக்கு அதைப் பார்க்க மகா சந்தோஷம்.

மரத்தடியில் நடிகை முட்டையைத் தாண்டிக் காலை வைத்து, படத்திலிருந்த வீட்டுக்குள் போய்விட்டாள். முட்டை உருண்டு வெளியே வந்தது. ஓடிமின் மனைவி அதை எள் விழுதோடு சமைத்தாள். உப்பு கொஞ்சம் குறைவு, மற்றபடி நல்ல முட்டை. முதல் வாய் மருமகன் ஒடொகோராச்சுக்குப் போனது. அவன் மென்று முடித்துவிட்டு, நிலம் எது வரைக்கும் என்று மட்டும் கேட்டான்.

"புளியமரத்துலேர்ந்து அந்தப் புத்து வரைக்கும். கல்லு ஜாஸ்தி, இப்பவே சொல்லிட்டேன்" என்றார் மாமன்.

மறுநாள் காலை ஓடிம் தன் வயலைத் தானே கொத்தினார்.