ஒன்பதாவது ஆணி

எங்களுக்கு அது கப்பல் இல்லை, நானூற்றெட்டாம் நம்பர். பெயரை, தண்ணீரில் இறக்குகிற அன்று ஷாம்பெயின் பாட்டில் உடைக்க வருகிற சீமாட்டி வைத்துக்கொள்ளட்டும். கிளைட் ஆற்றங்கரைக் கப்பல் பட்டறையில் என் கூட்டாளி ஆர்ச்சி வெளியே நின்று பழுக்கக் காய்ந்த ஆணியை அடிப்பான். கப்பல் வயிற்றுக்குள் கிடந்து ஆணியின் மறுமுனைக்கு நான் இரும்பை அண்டக்கொடுப்பேன். இருபது வருஷம், எத்தனையோ கப்பல். அந்தச் சத்தத்தில் அவனுக்குக் காது பாதியாவது மிஞ்சியது. இரும்புப் பெட்டிக்குள் கிடந்த எனக்கு இரண்டும் போயிற்று. போன குளிர்காலத்தில் தோளும் போனது.

அப்போதுதான் ஆணி பார்க்கிற வேலை காலியானது. சின்னச் சுத்தியலால் தட்டி, இறுகியிருக்கிறதா ஆடுகிறதா என்று சத்தத்தை வைத்துச் சொல்ல வேண்டும். கிடைக்காவிட்டால் எனக்குத் துடைப்பமும் அரைக்கூலியும்தான். காது இல்லாவிட்டால் என்ன, ஆணித்தலையின் ஓரத்தில் விரலை வைத்துத் தட்டினால், ஆடுகிற ஆணி விரலில் கூசும்.

ஆர்ச்சி என் முகத்துக்கு நேரே வாயை அகலத் திறந்து சொன்னான்.

"விரல மட்டும் நம்பாதடா டூகல். நான் மேஸ்திரிக்குப் பின்னால நிக்கிறேன். சத்தத்தக் கேட்டு, நல்ல ஆணின்னா தொப்பியத் தொடுவேன். ஆடுச்சுன்னா மூக்கச் சொறிவேன்."

"நீ இந்த வேலைக்குக் கேக்கலியா?"

"எனக்கெதுக்குடா? சம்மட்டி புடிச்ச கை இதுல அடங்குமா?"

மேஸ்திரி கில்கிரிஸ்ட் பத்து ஆணிகளுக்குச் சுண்ணாம்புக் குறி போட்டிருந்தார். எட்டு வரை தொப்பியும் மூக்கும் என் விரலும் ஒரே பேச்சு. ஒன்பதாவதைத் தட்டினேன். விரல் கூசியது. ஆர்ச்சி தொப்பியைத் தொட்டான். இன்னொரு முறை தட்டிவிட்டுப் பார்த்தேன்; மறுபடியும் தொப்பி. இருபது வருஷக் கூட்டாளியை விடவா இந்தக் காய்த்துப்போன விரல் பெரிது?

"இறுக்கமா இருக்குங்கய்யா."

கில்கிரிஸ்ட் பத்தாவதைத் தட்டச் சொல்லவே இல்லை. "அடுத்தது, ஆர்ச்சி" என்று அவர் உதடு அசைந்தது. அவன் தொப்பியைக் கழற்றிக்கொண்டு முன்னால் வந்தான். முன்பே பெயர் கொடுத்திருக்கிறான், பாவி. என் விரலுக்குத் தெரிந்தது எனக்குத் தெரியவில்லையே.

நேற்று இரும்புத்தூளைக் கூட்டிக்கொண்டிருந்தேன். ஆர்ச்சி வந்து தன் தேநீர்க் குவளையை நீட்டினான். கண் கலங்கியிருந்தது.

"தப்புப் பண்ணிட்டேன்டா. அஞ்சு புள்ளைங்க எனக்கு. மன்னிச்சுடுடா."

உதட்டைப் பார்த்தே பேச்சைப் புரிந்து பழகியவன் நான். ஒரு சொல் தவறவில்லை.

"என்னடா சொல்ற?" என்று காதைக் காட்டினேன். "கேக்கலியே."

அவன் இன்னும் உரக்கக் கத்தினான். ஆட்கள் திரும்பிப் பார்த்தார்கள். மறுபடியும் காதைக் காட்டினேன். மூன்று முறை கத்த வைத்தேன். பிறகு குனிந்து அவன் காலடியைக் கூட்ட ஆரம்பித்தேன்.